எழுபதும் எண்பதும்

நண்டு கிலோ முந்நூற்று எழுபது என்று போனில் சொன்னார்கள். முந்நூற்று எண்பது என்று நான் சீட்டில் எழுதினேன். அன்றைக்கு எங்கள் தராசுக்கு வந்தது 212 கிலோ. நாட்டுப்படகுக்காரர்களுக்கு எண்பது போட்டே பணம் கொடுத்தாயிற்று. சாயங்காலம் கணக்கை முடிக்கும்போது 2,120 ரூபாய் இடித்தது. முதலாளி கத்தவில்லை. "வயசாகுதுல்லப்பா" என்றார். எனக்கு அப்போது 43.

பாம்பனில் ஒரு மீன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு தராசு, ஐஸ் உடைக்கிற மெஷின், பெட்டி பெட்டியாகக் கணவாயும் நண்டும், ஓரமாக ஒரு மேசையும் நானும். விடியற்காலை 5 மணியிலிருந்து போன்தான் என் தொழில். விலை கேட்பது, விலை சொல்வது, லாரி எங்கே நிற்கிறது என்று விசாரிப்பது. வலது கையில் பேனா இருக்கும் என்பதால் போன் எப்போதும் இடது காதில்தான். இந்தப் பழக்கம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் விஷயம் வெளியே வர இன்னும் பல வருடம் ஆகியிருக்கும்.

எழுபது எண்பது குழப்பம் அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு தரமாவது வந்தது. விசித்திரம் என்னவென்றால், சத்தம் நன்றாகவே கேட்டது. எதிர்ப்பக்கம் யார் பேசுகிறார், கோபமாகப் பேசுகிறாரா, பின்னால் லாரி ஓடுகிறதா, எல்லாம் தெரியும். சொல் மட்டும் கரைந்துபோய் வரும், ரசீதில் தண்ணீர் பட்டு மை பரவின மாதிரி. வலது காதுக்கு மாற்றினால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும். இவ்வளவு தெளிவான சாட்சி கையில் இருந்தும் நான் குறை சொன்னது போனை. இரண்டு போன் மாற்றினேன். டவரைத் திட்டினேன்.

காதைச் சந்தேகிக்காததற்கு ஊரும் ஒரு காரணம். எங்கள் பக்கம் காது மந்தம் என்பது வியாதிக் கணக்கிலேயே வராது. அப்பா சங்கு குளித்தவர். இப்போது மாதிரி கம்ப்ரசர் குழாய் எதுவும் இல்லாமல் மூச்சைக் கட்டி ஐந்து பாகம், ஆறு பாகம் இறங்கியவர். ஒரு பாகம் ஆறடி. பத்து மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் விழும் அழுத்தம், கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துவிடத் தெரியாதவனுக்குச் செவிப்பறை கிழியும். தெரிந்தவனுக்கும் சளி பிடித்த நாளில் கிழியும். அப்பாவுக்கு வலது காது அப்படியே போயிற்று. இடது காதில் உரக்கப் பேசினால் கேட்கும். "கடல் வாங்குன காது" என்பார். குரலில் வருத்தம் இருக்காது. வீட்டு வாடகை கொடுத்ததைச் சொல்வது போலச் சொல்வார்.

என் காதைப் பற்றி அவரிடம் சொன்னபோது சிரித்தார். "நீ தொழிலுக்குத் தண்ணியில எறங்குனதே இல்லையேப்பா. எறங்காமலே வாங்கிருச்சா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். இத்தனை வருடத்தில் என் காதைப் பற்றி யாராவது கேட்ட சரியான முதல் கேள்வி அதுதான் என்று அப்போது உறைக்கவில்லை.

அடுத்த ஏப்ரலில் தடைக்காலம் வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகு மட்டும் போய்வரும். ஐஸ் உடைக்கிற மெஷினுக்கு வேலையில்லை. மோட்டாரைக் கழற்றி எண்ணெய் போடக் கொடுத்துவிட்டோம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மத்தியானம், கொட்டகையில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தேன். மெஷின் இருந்த இடத்தில் நான்கு போல்ட்டும் ஒரு பூனையும்தான் இருந்தன.

அந்த இரைச்சல் எத்தனை மாதமாக என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. மெஷின் சத்தத்துக்குள் ஒளிந்து இருந்திருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது. இதை எழுதும்போதும் இடப்பக்கம் யாரோ ஐஸ் உடைக்கிறார்கள்.

வைத்தியம் பார்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதலில் பார்த்தவர் அழுக்கு அடைத்திருக்கிறது என்று எடுத்துவிட்டார். கொஞ்சம் அழுக்கு இருந்ததும் உண்மைதான். இரண்டாமவர் சொட்டு மருந்து. மூன்றாமவர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை. அம்மா நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். (தயவுசெய்து காதில் எண்ணெய் விடாதீர்கள். யார் சொன்னாலும், அம்மா சொன்னாலும்.) பதினான்கு மாதம் இப்படிப் போனது. யார் மீதும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. நான் போய் நின்றதெல்லாம் "காது சரியாக் கேக்கல" என்று மட்டும்தான். எந்தக் காது என்று அவர்கள் கேட்கவில்லை. ஒரு காது மட்டும் என்று நானும் அழுத்திச் சொல்லவில்லை.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து படகுக்குப் போட்ட பலகையில் நடக்க எனக்கு யாரும் கை கொடுத்ததில்லை. பிறந்ததிலிருந்து நடக்கிற பலகை. ஒரு நாள் விடியுமுன், வெளிச்சம் வராத நேரம், சீட்டைக் கொடுக்கப் போனவன் இடப்பக்கமாகச் சரிந்து தண்ணீரில் விழுந்தேன். முழங்காலளவுத் தண்ணீர்தான். பையன்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். கரண்ட் போன இரவில் வீட்டுக்குள்ளேயே சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். மணலில் நடந்தால் கால் கேட்ட இடத்தில் விழாது. தலை சுற்றல் மட்டும் இல்லவே இல்லை. சுற்றல் இல்லாததால் இதையும் காதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. தொப்பை போட்டுவிட்டது என்று நினைத்தேன்.

ராமநாதபுரத்தில் ஓர் இளம் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகளுக்குத் தொண்டை வலி என்று அழைத்துப் போயிருந்தோம். மகளைப் பார்த்து முடித்துவிட்டு, நான் தலையைத் திருப்பித் திருப்பி வலது காதால் அவர் பேச்சைக் கேட்பதைக் கவனித்திருக்கிறார்.

"சார், ரெண்டு காதும் இப்படியா, ஒரு காது மட்டுமா?"

"இடது மட்டும்தான்."

"எவ்வளவு நாளா?"

இருக்கையைக் காட்டினார். மேசையிலிருந்து இசைக்கவையை எடுத்துத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். பள்ளிக்கூட இயற்பியல் அறையில் பார்த்ததற்குப் பின் அதை அன்றுதான் பார்க்கிறேன். சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். வலது. அழுக்கோ அடைப்போ இருந்தால் அந்தச் சத்தம் கேட்காத காதுப் பக்கமே போகுமாம். நல்ல காதுப் பக்கம் போனால் கோளாறு உள்ளே, நரம்புப் பக்கம். ஒரு இரும்புக் கவை, அரை நிமிஷம். மூன்று இடத்தில் செலவழித்த பணத்தை நினைத்துக்கொண்டேன்.

பிறகு எழுந்து நின்று கண்ணை மூடி, கையை முன்னால் நீட்டி, நின்ற இடத்திலேயே ஐம்பது எட்டு நடக்கச் சொன்னார். நடந்தேன். நகரவே இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். கண்ணைத் திறந்தபோது டாக்டரைக் காணவில்லை. எதிரே கதவும் கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற மகளும் இருந்தார்கள். இடப்பக்கமாக முக்கால் வட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்பியிருக்கிறேன். சமநிலை நரம்பு எந்தப் பக்கம் பலவீனமோ அந்தப் பக்கம் உடம்பு தானாகத் திரும்பும் என்றார்.

மறுநாள் சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள். சத்தம் கேட்கும் அளவில் இடது காது கொஞ்சம் சரிந்திருந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு ஹெட்போனில் தமிழ்ச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். வலது காதில் 25க்கு 24. இடது காதில் 25க்கு 10. கேட்கும் திறன் கொஞ்சம் குறைந்து, சொல் புரியும் திறன் அதைவிட மிக அதிகமாகக் குறைந்திருந்தால் காதைத் தாண்டி, நரம்பைப் பார்க்க வேண்டும். "ஒரு பக்கம் மட்டும்கிறதால எம்ஆர்ஐ எடுத்தே ஆகணும். பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் இருக்காது. இல்லைன்னு பாத்துத் தெரிஞ்சுக்கணும்."

மதுரைக்குப் போனோம். 2022 டிசம்பரிலிருந்து பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுவிட்டது. பஸ்ஸில் சாலைப் பாலம் ஏறி, மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம், பரமக்குடி என்று நின்று நின்று போனோம். மனைவி ஜன்னலோரம், எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். சில மாதங்களாகவே அவள் தன்னையறியாமல் அந்தப் பக்கம்தான் உட்காருகிறாள் என்று அந்தப் பயணத்தில்தான் கவனித்தேன். எனக்கு முன்னால் அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

எம்ஆர்ஐ குழாய்க்குள் கல் உடைக்கிற சத்தம். பாதியில் கை நரம்பில் கடோலினியம் மருந்து ஏற்றினார்கள். கட்டி இருந்தால் அது படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிய வேண்டும். தெரிந்தது. இடப்பக்கம், 14 மில்லிமீட்டர். தலைக்குள் ஒரு கோன் ஐஸைச் சாய்த்து வைத்த மாதிரி. கூம்பு எலும்புக் குழாய்க்குள், மேல் உருண்டை மூளைப் பக்கம் கொஞ்சமாக எட்டிப் பார்க்கிறது.

டாக்டர் ஆடியோகிராம் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டினார். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

காதுக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று கேட்பது, அதற்குச் சங்கு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. இன்னொன்று, தலை எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது. அதற்கு மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். படகு கட்டுகிற ஓடாவி பலகையின் மேல் வைத்துப் பார்க்கிற ரசமட்டத்தை மூன்று திசையில் வைத்தது போல. அதோடு சின்னச் சின்னச் சுண்ணாம்புத் துகள் ஒட்டிய இரண்டு பைகள். துகள் கனத்தால் கீழே இழுக்கும், எது கீழ் என்று தெரியும். இதைச் சொன்னதும் எனக்குக் கத்தாளை மீன் ஞாபகம் வந்தது. கத்தாளைத் தலையை உடைத்தால் வெள்ளையாக இரண்டு கல் கிடைக்கும். சின்ன வயதில் நாங்கள் அதைச் சேர்த்து விளையாடியிருக்கிறோம். அது மீனின் காதுக்கல். மீனும் நாமும் நிமிர்ந்து இருப்பது ஒரே சுண்ணாம்பின் தயவில்.

கேட்கிற நரம்பும் சமநிலை நரம்பும் சேர்ந்து எட்டாவது மூளை நரம்பு. அது எலும்புக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள குறுகலான வழியில் மூளைக்குப் போகிறது. அதே வழியில் ஏழாவது நரம்பும் கூடவே வருகிறது. முகத்தைச் சிரிக்க வைப்பதும் கண்ணை மூட வைப்பதும் அதுதான். எனக்குப் பாம்பன் கால்வாய்தான் கண்ணில் வந்தது. வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் எல்லாப் படகும் நுழைய வேண்டிய ஒரே இடுக்கு. அதில் ஒரு படகு தரை தட்டி நின்றால் தப்பு அதன் மேல் இருக்கும், தவிப்பு பின்னால் வருகிற படகுக்கு. என் கட்டி புறப்பட்டது சமநிலை நரம்பிலிருந்து. முதலில் நெரிபட்டது பக்கத்தில் போகிற கேட்கும் நரம்பு.

ஒயருக்கு மேல் பிளாஸ்டிக் சுற்றியிருப்பது போல நரம்பைச் சுற்றி உறை போடுகிற செல்கள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த ஜெர்மன் அறிஞர் தியோடர் ஷ்வான் பெயரில் அவை ஷ்வான் செல்கள். அந்த உறைச் செல் அளவில்லாமல் பெருகினால் வருவதுதான் இது. வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்பது சரியான பெயர். அகூஸ்டிக் நியூரோமா என்ற பழைய பெயர்தான் இன்னும் பல டாக்டர்கள் வாயில் வருகிறது. அந்தப் பெயரில் இரண்டு சொல்லும் தவறு: அது கேட்கும் நரம்பில் தோன்றுவதும் இல்லை, நரம்புச் செல்லால் ஆனதும் இல்லை. பெயரிலேயே எழுபதை எண்பது என்று எழுதிவிட்டார்கள்.

சமநிலை நரம்பில் வந்த கட்டிக்கு ஏன் தலை சுற்றவில்லை என்று கேட்டேன். திடீரென்று ஒரு பக்க நரம்பு போனால்தான் உலகம் சுற்றும். இது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ மில்லிமீட்டர் வளர்கிற ஆள். பல பேருக்கு வளராமலே கிடக்கும். நரம்பு மெல்ல மெல்லப் போகப் போக, மூளை மற்றக் காதையும் கண்ணையும் பாதத்தையும் வைத்துச் சமாளித்துக்கொள்ளும். கண்ணுக்கு வெளிச்சம் இல்லாத இடத்திலும் பாதத்துக்கு உறுதியில்லாத இடத்திலும்தான் குட்டு வெளிப்படும். விடியுமுன் இருட்டு, ஆடுகிற பலகை, மணல். நான் விழுந்த இடமெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

வீட்டில் சொல்வதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. நம் பாஷையில் மூளைப் பக்கம் கட்டி என்றால் அடுத்த சொல் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இது புற்றுநோய் இல்லை, வேறு இடத்துக்குப் பரவாது, டாக்டர் இதைச் 'சாதுக் கட்டி' என்றுதான் சொன்னார் என்று விளக்கினேன். அம்மா பாசி எடுக்கிறவள். குருசடைத் தீவுப் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி எடுத்து எங்களை வளர்த்தவள். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாது மிரண்டா காடு கொள்ளாதும்பாங்களேய்யா" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் இதே சாது மூளைத்தண்டை அழுத்தும், முகம் மரத்துப்போகும், மூளைக்குள் நீர் வடிகிற வழியை அடைக்கும், உயிருக்கே ஆபத்தாகும். சாது என்பது அதன் குணத்தைப் பற்றிய சான்றிதழ்தான், அது இருக்கும் இடத்தைப் பற்றியதில்லை.

போனால் வந்ததா என்று எல்லோரும் கேட்டார்கள். வருடக்கணக்காக அதே காதில் போன் வைத்தவனுக்கு அதே காதில் கட்டி என்றால் யாருக்கும் தோன்றும். எனக்கு ராத்திரி ராத்திரி தோன்றியது. 2011ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்' என்ற வகையில் வைத்தது உண்மை. அதற்கு முன்னும் பின்னும் நடந்த பெரிய ஆய்வுகளில் உறுதியான தொடர்பு நிரூபணமாகவில்லை. என் டாக்டர் இதை வேறு மாதிரிச் சொன்னார்: "நீங்க எழுதறது இடது கையா இருந்து, போன் வலது காதுல இருந்திருந்தா, இந்த இடது காதை இன்னும் அஞ்சு வருஷம் கவனிச்சிருக்க மாட்டீங்க." ஒரு பக்கம் போன் வைக்கிற பழக்கம்தான் பலருக்கு இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கிறதாம். குற்றவாளி என்று பிடித்த ஆள் துப்புக் கொடுத்தவனாக மாறியதில் எனக்கு ஒரு நிம்மதி.

மகளுக்கு வருமா என்பது அடுத்த பயம், முதலாவதைவிடப் பெரியது. இரண்டு காதிலும், இளம் வயதிலேயே வருகிற ஒரு பரம்பரை வகை இருக்கிறது. 22ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுப் பழுதால் வருவது. என்னைப்போல நடுவயதில் ஒரு பக்கம் மட்டும் வருவோர்தான் மிகப் பெரும்பான்மை. அவர்களுக்கும் பழுது பெரும்பாலும் அதே மரபணுவில்தான், ஆனால் கட்டிக்குள் மட்டும்; பிள்ளைக்கு இறங்குவதில்லை. அவள் தொண்டை வலியால்தான் நான் பிடிபட்டேன் என்று மகள் இன்றுவரை கணக்குக் காட்டிப் பாக்கெட் மணி வசூலிக்கிறாள்.

என்ன செய்வது என்பதற்கு மூன்று வழி சொன்னார்கள். சும்மா இருந்து அவ்வப்போது படம் எடுத்துப் பார்ப்பது; கதிர்வீச்சு; அறுவை.

மச்சான் அறுவைக் கட்சி. "உள்ள இருக்கிற முள்ளை எடுக்காம யாராவது மருந்து போடுவாங்களா மாப்ள?" என்று மூன்று இரவு வந்து உட்கார்ந்தார். நூறு வருடத்துக்கும் முன்னால் இந்த அறுவையில் செத்தவர்கள்தான் அதிகம். அமெரிக்காவில் ஹார்வி குஷிங், கட்டியை முழுதாக இழுக்காமல் உள்ளிருந்து தோண்டி எடுக்கும் முறையால் சாவைக் குறைத்தார். 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ் மைக்ராஸ்கோப் வைத்துக் காது எலும்பு வழியாகவே போகிற பாதையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு உயிருக்கு அபாயம் மிகக் குறைவு. கேள்வி மற்றதைப் பற்றியது. காது வழியாகப் போனால் மிச்சமிருக்கிற கேட்கும் திறனும் போகும். எந்த வழியாகப் போனாலும், கட்டியோடு ஒட்டிப் படுத்திருக்கிற முக நரம்பைக் காப்பாற்ற வேண்டும். கட்டி எவ்வளவோ அழுத்தினாலும் பிடிவாதமாகத் தாங்குகிற நரம்பு அது. அதனால்தான் எனக்கு முகம் கோணவில்லை. கத்தியின் அருகாமையில் அதற்கு அந்த உறுதி இல்லை. அறுவை முழுக்க அதை மின்கருவியால் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள். பெரிய கட்டிக்கு வேறு வழியில்லை, அப்போது தயங்கவே கூடாது. எனக்கு 14 மில்லிமீட்டர்.

கதிர்வீச்சு என்றால் காமா நைஃப் மாதிரியானவை. பெயரில்தான் கத்தி. ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் கொண்டுவந்த யோசனை. முதல் கருவி 1968ல். நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய கதிர்கள் பல திசையிலிருந்து வந்து ஒரே புள்ளியில் சேரும். பெரும்பாலும் ஒரே நாள் வேலை. கட்டி காணாமல் போகாது, வளர்ச்சி நிற்கும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நிற்கிறது. கேட்கும் திறன் பின்னால் மெல்லக் குறையலாம். வளர்கிறது என்று தெரிந்தால் நான் அதற்குத்தான் போவேன் என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன்.

இப்போதைக்குச் சும்மா இருப்பது. இதை ஒரு சிகிச்சை என்று ஊருக்குப் புரியவைப்பது பெரும்பாடு. "ஆஸ்பத்திரியில கைவிட்டுட்டாங்களாமே" என்று ஒருவர் என் மனைவியிடம் துக்கம் விசாரித்தார். கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்து காற்றைப் பார்க்கிறவனை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. கச்சான் காற்று நிற்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான் என்பார்கள். அதைத்தான் நானும் செய்கிறேன். ஆறு மாதத்தில் இரண்டாவது படம்: 14. அதற்கு ஒரு வருடம் கழித்து: 15. பதறினேன். ஒரு மில்லிமீட்டர் அளவெடுப்பிலேயே முன்பின் ஆகும், இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்ததைப் பொதுவாக வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வதில்லை என்றார்கள். போன வருடம் புதுப் பாலம் திறந்தபின் ரயிலிலேயே போனேன். அப்போதும் 15. இந்த விஷயத்தில் மட்டும் கணக்கில் ஒன்று கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை என்பதற்கு என் மனம் இன்னும் பழகவில்லை.

வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்றால், திசை போய்விட்டது. ஒரு காதால் சத்தம் கேட்கலாம், எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் முழு வட்டம் சுற்றித் தேடுகிறேன். எல்லா ஹாரனும் வலப்பக்கமே கேட்கிறது. அதனால் பைக்கை விட்டுவிட்டேன். கல்யாணப் பந்தியில் இடது ஓரத்தில், வரிசையின் கடைசி இலையில் உட்காருகிறேன். தப்பித்தவறி இடப்பக்கம் யாராவது உட்கார்ந்து பேசினால் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவேன். அப்படித் தலையாட்டி ஒரு சீட்டுக்குச் சம்மதித்து மாட்டிக்கொண்டதும் உண்டு. கேட்காத பக்கத்துச் சத்தத்தை நல்ல காதுக்குக் கடத்துகிற கருவி இருக்கிறது. மாட்டிப் பார்த்தேன். அமைதியான அறையில் நன்றாக இருந்தது. ஏலம் போடுகிற கரையில் எல்லாச் சத்தமும் ஒரே காதில் வந்து கொட்டியது. வீட்டில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன்.

கம்பெனியில் போன் வலது காதுக்கு மாறியது. பேனாவைக் கீழே வைத்துக் கேட்டு, பிறகு எழுதுகிறேன். விலையை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்கிறேன்: மூணு, ஏழு, சைபர். எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது இறங்குதுறையில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஒன்றுதான் மனதை அறுத்தது. தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது, முங்கவே கூடாது, இருட்டில் நினைத்தும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீருக்குள் பாதத்துக்குத் தரை இல்லை, கலங்கலில் கண்ணுக்கு வெளிச்சம் இல்லை. மிச்சம் இருப்பது காதுக்குள் உள்ள ரசமட்டம் மட்டும். அது பழுதானவன் மேலே வருவதாக நினைத்துக்கொண்டு கீழே போவான். தொழிலுக்கு இறங்காதவன்தான் நான், ஆனால் வெயில் காலத்தில் வடகடலில் முங்கிக் குளிக்காமல் ஒரு வருடமும் இருந்ததில்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் யோசித்தார். சங்கு குளித்த காலத்தில் கலங்கல் தண்ணீரில், நீவாடு (நீரோட்டம்) உருட்டிவிட்டு எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போன அனுபவம் அவருக்கும் இருந்திருக்கிறது. "பதறக் கூடாது. வாயில இருந்து ஒரு கொமிழி விடு. கன்னத்தைத் தடவிக்கிட்டு எந்தப் பக்கம் ஓடுதோ அதான் மேலு" என்றார். நாற்பத்தேழு வருடத்தில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே தொழில் ரகசியம். பயன்படுத்தத் தடை வந்த பிறகு கிடைத்தது.

சாயங்காலங்களில் கவிழ்த்துப் போட்ட வத்தைப் படகின் மேல் இருவரும் உட்காருகிறோம். அவருக்கு இடது காது, எனக்கு வலது காது. அவர் என் வலப்பக்கம் உட்கார்ந்தால் இரண்டு நல்ல காதும் நடுவில் வந்துவிடும். யாரும் யோசித்துச் செய்யவில்லை, அப்படி அமைந்துவிட்டது. நேற்றும் கேட்டார், இப்போ எவ்வளவு இருக்கிறது என்று.

"பதினஞ்சு."

"பதினெட்டா?"

"பதினஞ்சு, பதினஞ்சு."

காற்று எதிர்த்து வந்தது. மறுபடியும் பதினெட்டா என்றார். ஒரு கையை விரித்து மூன்று தரம் காட்டினேன். விரல்களைப் பார்த்து எண்ணிவிட்டுத் தலையாட்டினார்.